மண்டபச் சாவியைத் திருப்பிக் கொடுங்கள்

கோயில் நிர்வாகக் குழுத் தலைவர் ஐயாவுக்கும் குழுவில் உள்ள பெரியவர்களுக்கும்,

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பிற்பகலில் நம் கோயில் மண்டபத்தில் நடந்துவந்த தாய்மார் கூட்டத்தைச் சித்திரையோடு நிறுத்திவிட்டீர்கள். அறிவிப்புப் பலகையில் காரணம் எழுதவில்லை. கேட்கப் போன பெண்களிடம், "சாமி இருக்கிற இடத்தில் மாரைப் பற்றிப் பேசுவது முறையில்லை" என்று சொல்லி அனுப்பினீர்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், பங்குனித் திருவிழா மூன்று நாளும், அதே மண்டபத்து வாசலில் 'ஹார்மோன் சமநிலை' கிரீம் விற்கிறவர்களுக்கு மேசை போட இடம் கொடுத்திருந்தீர்கள். பிள்ளை பெற்ற பெண்களின் மார்புக் கட்டியைக் கரைக்கும் என்று அவர்கள் நம் ஒலிபெருக்கியிலேயே சொன்னார்கள். உபயதாரர் வரிசையில் அவர்கள் பெயரையும் வாசித்தீர்கள்.

அந்தக் கிரீமை, போன வருடத் திருவிழாவில், அதே மேசையில் வாங்கி ஐந்து மாதம் தடவியவள் நான். அதனால்தான் இந்த மடலைக் குழுவின் கையில் மட்டும் கொடுக்காமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். பர்மாவில் ரங்கூனுக்கு அருகே, தான்லின் பக்கத்து நம் ஊரில் பன்னிரண்டு வருடமாகத் தையல் வேலை செய்கிறேன். உங்கள் வீட்டுப் பெண்களின் ரவிக்கைகளில் பாதி என் மெஷினில் தைத்தவை. அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, வேறு யாரிடமும் சொல்லாததைப் பெண்கள் என்னிடம் சொல்வார்கள். "இந்தப் பக்கம் கொஞ்சம் தளர்த்தி வெட்டு, தொட்டாலே வலிக்குது." "பால் மறக்கடிச்சு வருஷமாச்சு, இன்னும் கசியுது." "இங்கே கல்லு மாதிரி ஒண்ணு இருக்கு, பால் கட்டிதானே?" நான் 'உம்' கொட்டிக்கொண்டே அளவை எழுதிக்கொள்வேன். பதில் எனக்கும் தெரியாது.

என் இரண்டாவது மகனுக்கு ஒன்றரை வயதானபோது, போன வருடம் தை மாதம், பால் மறக்கடித்தேன். மார் கனத்துக் காய்ச்சல் அடித்தது. என் மாமியார் மல்லிகைச் சரம் வாங்கி வந்து இரண்டு பக்கமும் வைத்துக் கட்டினார். அதைக் குறை சொல்லவே மாட்டேன். மல்லிகைப் பூவையும் பால் நிறுத்தும் மாத்திரையையும் ஒப்பிட்டு வேலூரில் மருத்துவர்கள் சோதித்து 1988இல் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். மாத்திரை அளவுக்கு இல்லாவிட்டாலும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினைப் பூவும் குறைத்தது. நம் பாட்டிமார்களுக்கு நிறையத் தெரியும். எனக்கும் நாலைந்து நாளில் பால் வற்றியது.

ஒன்று மட்டும் வற்றவில்லை. இடது பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. என் ரவிக்கைக்கே டக் பிடிக்கும்போது இடது பக்கம் துணி இழுத்தது. அதைக்கூட நான் மெஷின் கோளாறு என்றுதான் நினைத்தேன். மாமியாரிடம் சொன்னேன், பால் கட்டி என்றார். என் அம்மாவிடம் சொன்னேன், அவரும் அதையே சொன்னார். பிள்ளைக்குப் பால் கொடுத்தவளுக்கு வேறு எதுவும் வராது என்று பக்கத்து வீட்டு அத்தை சத்தியமே செய்தார்.

பங்குனியில் கோயிலுக்கு வந்தேன். மேசையில் இருந்த பெண் கனிவாகப் பேசினார். "பிள்ளை பெத்ததும் உடம்புல புரோஜெஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் குறைஞ்சிடும்மா. ஈஸ்ட்ரோஜென் மட்டும் ஏறி நிக்கும். சமநிலை போச்சு. அதுதான் கட்டி, அதுதான் முடி கொட்டுறது, அதுதான் கோபம்" என்றார். எனக்கு முடி கொட்டியது. கோபமும் வந்தது. எல்லாம் பொருந்தியது. மூன்று வாரத் தையல் கூலியைக் கொடுத்து இரண்டு ட்யூப் வாங்கினேன். உண்மையைச் சொல்கிறேன் ஐயா, சந்தையில் விற்றிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். கோயில் வாசலில் விற்றதால் வாங்கினேன். ஒலிபெருக்கியில் நீங்கள் பெயர் சொன்னதால் நம்பினேன்.

ஆவணி மாதத் தாய்மார் கூட்டத்துக்கு நான் போனது கூட ரவிக்கை ஒன்றைக் கொடுப்பதற்காகத்தான். நாம் எல்லாரும் சயாமா (பர்மிய மொழியில் ஆசிரியை) என்று கூப்பிடும் அக்கா, முப்பது வருடம் பிரசவ வார்டில் நின்று ஓய்வுபெற்றவர், அன்றைக்குக் கரும்பலகையில் ஒரு படம் வரைந்து பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் தடுத்த பேச்சு எது என்று உங்களுக்குத் தெரியட்டும்.

கர்ப்பத்தின் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு, புரோஜெஸ்டிரோனைப் பெரும்பாலும் சுரப்பது கருப்பையில் ஒட்டியிருக்கும் நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி (பிளாசென்டா). அது மிக அதிக அளவில் இருக்கும்வரை, மார்பில் பால் சுரப்பிகள் எவ்வளவு வளர்ந்திருந்தாலும் பால் பெருகாது. புரோலாக்டின் தயாராக நிற்கும், புரோஜெஸ்டிரோன் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிள்ளை பிறந்து நஞ்சு விழுந்ததும் புரோஜெஸ்டிரோன் சரசரவென்று இறங்குகிறது. அப்போதுதான் சீம்பாலைத் தொடர்ந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் பால் பெருகி வருகிறது. நஞ்சில் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால் சில பெண்களுக்குப் பால் இறங்கவே தாமதமாகும், காரணம் இதுதான். பிறகு, பிள்ளைக்கு ராப்பகலாகத் தாய்ப்பால் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிற மாதங்களில் கருமுட்டை வெளிவருவது பெரும்பாலும் நின்றிருக்கும். மாதவிலக்கும் இருக்காது, புரோஜெஸ்டிரோனும் குறைவாகவே இருக்கும். பெரும்பாலான தாய்மாரைச் சோதித்தாலும் அப்படித்தான்.

அன்றைக்கு எனக்கு உடம்பு சில்லிட்டது. மேசைப் பெண் நோய் என்று எனக்கு விற்றது, பால் சுரப்பதற்காக உடம்பு தானே செய்துகொண்ட ஏற்பாட்டை. பிள்ளை பெற்ற ஒவ்வொருத்தியிடமும் "உனக்கு இது குறைந்துவிட்டது" என்று சொல்லலாம், ஒவ்வொருத்திக்கும் பொருந்தும். முடி கொட்டுவது பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் நிறையப் பேருக்கு வந்து தானாக நிற்கிறது. நிற்காவிட்டால், களைப்பு தீராவிட்டால், ரத்தசோகையா, தைராய்டா என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில் தைராய்டு தடுமாறுவது அரிதில்லை என்று அக்கா சொன்னார். கிரீமைத் தடவிக்கொண்டிருந்தால் அது தெரியவே வராது.

கூட்டம் முடிந்ததும் அந்த ட்யூபை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். காட்டு வள்ளிக்கிழங்குச் சாறு என்று எழுதியிருந்தது. அந்தக் கிழங்கில் இருக்கும் டயோஸ்ஜெனின் என்ற பொருளிலிருந்து ஆய்வுக்கூடத்தில் புரோஜெஸ்டிரோன் செய்ய முடியும். 1940களில் மெக்சிகோவில் ரசல் மார்க்கர் என்ற வேதியியல் அறிஞர் அந்த வழியில்தான் பெருமளவில் தயாரித்தார். ஆனால் நம் உடம்புக்கு அந்த மாற்றத்தைச் செய்யத் தெரியாது, தின்றாலும் தடவினாலும். அதே ட்யூபில் இன்னொரு பக்கம் புரோஜெஸ்டிரோன் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எவ்வளவு என்று எழுதவில்லை. இல்லாவிட்டால் பயனில்லை, இருந்தால் அளவு தெரியாத ஹார்மோன். அக்கா ட்யூபைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கட்டி எத்தனை நாளா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். தையிலிருந்து என்றேன். "ரெண்டு வாரத்துக்கு மேல ஒரே இடத்துல நிக்கிற எந்தக் கட்டியையும் ஸ்கேன்ல பாத்துடணும்மா. பால் கட்டியா இருந்தா நல்லது, பாத்துட்டே சந்தோஷப்படலாம்" என்று சொல்லி, மறுநாள் அவரே என்னோடு பஸ் ஏறிப் பாலம் தாண்டி ரங்கூனுக்கு வந்தார்.

பால் கட்டி இல்லை. மருத்துவரிடம் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் மார்புப் புற்றுநோயைக் கண்டறிந்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. எனக்கு 19 நாளில் தெரிந்துவிட்டது. காட்டப் போவதற்குத்தான் ஏழு மாதம் ஆனது. அதற்குள் அக்குளில் இரண்டு நெறிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) பரவியிருந்தது. மார்பை எடுத்தார்கள். ஆறு சுற்றுக் கீமோ. இப்போது ஈஸ்ட்ரோஜெனைக் கட்டியில் வேலை செய்ய விடாமல் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை தினம் ஒன்று, குறைந்தது ஐந்து வருடத்துக்கு.

சதைப் பரிசோதனைத் தாளில் ஒரு வரி இருந்தது: ஈஸ்ட்ரோஜென் ஏற்பி உண்டு, புரோஜெஸ்டிரோன் ஏற்பி உண்டு. அதாவது என் கட்டி ஹார்மோனுக்குக் காது கொடுக்கிற வகை. அதன் மேல்தான் நான் புரோஜெஸ்டிரோன் என்று பெயர் போட்ட கிரீமை ராத்திரி ராத்திரி தேய்த்துக்கொண்டிருந்தேன். கிரீமால் நோய் வந்தது என்றோ, வளர்ந்தது என்றோ நான் குற்றம் சாட்டவில்லை. மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. என்னவென்று தெரியாத கட்டியின் மேல் யாரும் ஹார்மோன் தடவக் கூடாது என்று மட்டும் சொன்னார். அந்தக் கிரீம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது ஐந்து மாதத்தை. தடவியதும் ஏதோ வைத்தியம் நடக்கிறது என்று மனசு சும்மா இருந்துவிட்டது. அந்த ஐந்து மாதத்தில் நெறிகளில் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிக்காத இரவு இல்லை.

புரோஜெஸ்டிரோன் மேலும் எனக்குப் பகை இல்லை. குறைமாதப் பிரசவ ஆபத்து உள்ள சிலருக்கு மருத்துவர்கள் அதைக் கொடுக்கிறார்கள். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜென் எடுத்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கருப்பை உட்சுவரைக் காக்கக் கொடுக்கிறார்கள். அளந்து, காரணம் அறிந்து, கண்காணித்துக் கொடுக்கிற மருந்து அது. திருவிழா மேசையில் விற்கிற பொருள் கிடையாது.

பக்கத்து வீட்டு அத்தையின் சத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அவர் ஒருவருடைய நம்பிக்கை இல்லை, நம் ஊர் முழுவதின் நம்பிக்கை. தாய்ப்பால் கொடுப்பது மார்புப் புற்றுநோயிலிருந்து காக்கிறது என்பது நிஜம். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் வந்த கணக்குப்படி, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது. குறைகிறது, வராமல் போவதில்லை. பிள்ளை பெற்ற பிறகு சில வருடங்களுக்கு ஆபத்து சற்று ஏறவும் செய்கிறது. 15 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான கணக்கில், பிரசவம் முடிந்து சுமார் 5 வருடத்தில் அந்த ஏற்றம் உச்சத்தில் இருக்கிறது. இளம் வயதில் நோயே குறைவு என்பதால் எண்ணிக்கையில் இது சின்ன ஏற்றம்தான், யாரும் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் "இப்போதானே பிள்ளை பெத்தா, அவளுக்கு என்ன வரப்போகுது" என்று நாம் அசட்டையாக இருக்கிற அதே வருடங்கள் அவை.

கூட்டத்தில் எல்லார் கதையும் என்னுடையதைப் போல முடியவில்லை. என்னைப் போலவே பயந்து வந்த ஒரு தங்கைக்கு நிஜமாகவே பால் தேங்கிய நீர்க்கட்டி. ஊசி போட்டு இழுத்ததும் வெள்ளையாகப் பால் வந்தது, அன்றைக்கே சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இன்னொருத்திக்கு மாரில் சீழ் வடிந்து வடிந்து ஆறவில்லை. பார்த்தால் காசநோய். நுரையீரலில் மட்டும்தான் அது வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், காசநோய் அதிகம் உள்ள நாட்டில் இருந்துகொண்டு. மாத்திரை சாப்பிட்டுக் குணமானாள். பிரசவமாகி நாலே வாரத்தில் கடையில் இரட்டை ஹார்மோன் கருத்தடை மாத்திரை வாங்கி விழுங்கி, பால் குறைகிறதே என்று அழுதுகொண்டு வந்தவளும் உண்டு. ஈஸ்ட்ரோஜென் சேர்ந்த மாத்திரையைப் பாலூட்டும் தாய் முதல் ஆறு வாரம் தொடவே கூடாது, ஆறு மாதம் வரை தவிர்ப்பது நல்லது என்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நம் பெண்கள் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் மூன்று மாத ஊசியில் இருப்பதும் புரோஜெஸ்டிரோன் வகைதான் என்று கேட்டபோது மண்டபமே வாயடைத்துப் போனது. அதற்கும் ஆறு வாரம் பொறுப்பது நல்லது என்று அக்கா சொன்னார். பால் கொடுக்கிறவளுக்கு ஸ்கேன் எடுக்கக் கூடாது, பால் மறக்கடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணும் எங்களில் இருந்தாள். அது தவறு. அல்ட்ராசவுண்டும் மேமோகிராமும் பாலைக் கெடுப்பதில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்து மாரைக் காலி செய்துவிட்டுப் போனால் போதும்.

இதையெல்லாம் மருத்துவமனையிலேயே கேட்கலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஐயா, 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அரசு மருத்துவமனைகளில் ஆள் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். வரிசையில் நின்று உள்ளே போனால் இரண்டு நிமிடம், அதுவும் பர்மிய மொழியில். எனக்குப் பர்மிய மொழி தாய்மொழி மாதிரி வரும். என் மாமியாருக்குச் சந்தையில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் வரும். 'யின்தா' (மார்பு) என்று மருத்துவர் சொன்னால் தலையாட்டுவார், வெளியே வந்து என்னிடம் என்ன கேட்டார்கள் என்பார். தன் மாரில் என்ன இருக்கிறது என்பதைத் தன் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள நம் பெண்களுக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்த ஒரே இடம் அந்த மண்டபம்.

இனி, முறையில்லை என்ற வார்த்தைக்கு வருகிறேன். சித்திரைக் கூட்டம் முடிந்தபோது கரும்பலகையில் வரைந்த படத்தை அழிக்காமல் போய்விட்டோம். மறுநாள் காலைப் பூசைக்கு வந்தவர்கள் கண்ணில் பட்டது. அது எங்கள் கவனக்குறைவு, அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பேச்சே முறையில்லை என்பதை ஏற்க மாட்டேன். திருவண்ணாமலையில் அம்பாளின் பெயர் உண்ணாமுலை அம்மன். பெரியவர்கள் அந்தப் பெயரைக் கை கூப்பித்தான் சொல்கிறார்கள். சீர்காழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு உமையவள் தன் பாலைக் கறந்து ஊட்டினாள், அந்தப் பிள்ளை ஞானசம்பந்தர் ஆனார் என்று நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்? ஆடிப் பூரத்தன்று அம்மனுக்குச் சாத்திய வளையலைக் கர்ப்பிணிப் பெண்களின் கையில் போட்டு அனுப்புகிற கோயில் இது. வளையல் போட்டு அனுப்பிய பெண் பிள்ளை பெற்று, பால் கொடுத்து, மாரில் ஒரு கட்டியோடு திரும்பி வந்தால் அவளுக்கு மட்டும் இங்கே இடமில்லையா?

அறுவைக்குப் பிறகு நான் முதலில் தைத்தது எனக்கான ரவிக்கை. இடது பக்கம் உள்ளே ஒரு பை வைத்து, பஞ்சு அடைத்து, இரண்டு பக்கமும் ஒரே கனமாக நிற்கும்படி. ஏழு முறை பிரித்துத் தைத்தேன். இப்போது வேறு மூன்று பெண்களுக்கு அதே மாதிரி தைத்துக் கொடுக்கிறேன், கூலி வாங்குவதில்லை. ஒருத்தி உங்கள் குழுவில் உள்ள ஒருவரின் வீட்டைச் சேர்ந்தவள். பெயரைச் சொல்ல மாட்டேன், அவள் அவரிடம் சொல்லியிருக்கவும் மாட்டாள்.

நான் கேட்பது இவ்வளவுதான்.

தாய்மார் கூட்டத்தை வருகிற இரண்டாம் ஞாயிறிலிருந்தே மறுபடி நடத்த விடுங்கள். கதவைச் சாத்திக்கொள்கிறோம், திரை கட்டிக்கொள்கிறோம், பலகையை அழித்துவிட்டுத்தான் வெளியேறுவோம். என்ன பேசலாம், பேசக் கூடாது என்பதை மட்டும் சயாமா அக்காவிடம் விட்டுவிடுங்கள்.

மருந்து, கிரீம், ஊட்டப்பொடி என்று எந்தப் பெயரிலும் நோய் தீர்ப்பதாகச் சொல்லி விற்கிறவர்களுக்கு இனிக் கோயில் வளாகத்தில் இடம் கொடுக்காதீர்கள், அவர்களிடம் உபயமும் வாங்காதீர்கள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எந்த ஒலிபெருக்கியில் அவர்கள் பெயரைச் சொன்னீர்களோ அதே ஒலிபெருக்கியில், மாரில் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் கட்டி, புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பில் ரத்தக் கசிவு, குழி விழுந்த தோல், மருந்து சாப்பிட்டும் ஆறாத சிவப்பு, இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள் என்று ஆடிப் பூரத்தன்று அறிவியுங்கள். அந்தக் கிரீமை வாங்கிய பெண்கள் கட்டியைக் காட்டாமல் இருக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த வருடமும் அந்த மேசையில் கூட்டம் நின்றது, நான் பார்த்தேன்.

ரங்கூனுக்கு ஸ்கேன் எடுக்கப் போக வண்டிக் கூலி இல்லாத பெண்களுக்கு அன்னதான நிதியிலிருந்து ஒரு சிறு தொகையை மாதாமாதம் ஒதுக்குங்கள். கணக்கை நான் எழுதித் தருகிறேன்.

குழுவில் ஒரு பெண்கூட இல்லை. வருகிற பொதுக்கூட்டத்தில் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பதவி வேண்டாம், அந்தக் கூட்டத்தில் கால் மணி நேரம் பேச அனுமதி வேண்டும்.

பதிலை ஆடிப் பூரத்துக்கு முன்னால் எழுத்தில் கொடுங்கள், அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். சயாமா அக்காவிடமிருந்து வாங்கிய மண்டபச் சாவி அலுவலக அலமாரியில் தொங்குவதை வெள்ளிக்கிழமை பார்த்தேன். அதை அவர் வீட்டுக்கு ஆள் விட்டு அனுப்பாமல், குழுவிலிருந்து ஒருவர் நேரில் போய் அவர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்த் தையல்காரி